மாத்திரை முடித்தும் பாக்டீரியல் வஜைனோசிஸ் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

பிறப்புறுப்பில் இயல்பாகவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸ் குறைந்து, வேறு வகைகள் பெருகிவிடுவதுதான் பாக்டீரியல் வஜைனோசிஸ். நீர்த்த, சாம்பல் கலந்த வெள்ளைப்படுதல், மீன் வாடை ஆகியவை அடையாளம். சிலருக்கு ஒன்றுமே தெரியாது.

ஏன் திரும்புகிறது என்பதற்கு, டெல்டாக்காரர்களுக்குக் கோரையைச் சொன்னால் போதும். மேலே பிடுங்கிவிட்டால் வயல் சுத்தமாகத்தான் தெரியும். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். குறுவையில் பிடுங்கியது சம்பாவில் வந்து நிற்கும். இந்தப் பாக்டீரியாக்களும் உள்சுவரில் பிசின் போலப் படலம் கட்டி ஒட்டிக்கொள்கின்றன. இதற்குக் கொடுக்கும் பாக்டீரியா எதிர்ப்பு மருந்தான மெட்ரோனிடசோல், 7 நாளில் மேலே இருப்பதை அழித்தாலும் படலத்தின் அடி தங்கிவிடலாம். அதற்குள் பயிர், அதாவது நல்ல பாக்டீரியா, தழைக்காவிட்டால் களைக்குக் கொண்டாட்டம்தான்.

அதனால் இது அடிக்கடி திரும்பி வரும் பெண்களுக்கு மெட்ரோனிடசோல் ஜெல்லை வாரம் 2 முறை, சில மாதங்கள் தொடரச் சொல்வதுண்டு. கணவரிடமிருந்தும் திரும்பி வரலாம். 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது. இருவருக்கும் கொடுத்தபோது 35 சதவீதம்தான். கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ மருத்துவரிடம் இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கேட்டுவிடுங்கள். மருந்துக்கடையில் 'வெள்ளைப்படுதல்' என்று மட்டும் சொன்னால் பூஞ்சைக்கான மாத்திரை கைக்கு வரக்கூடும், அது இதற்கு உதவாது.

அப்புறம், இது சுத்தக்குறைவால் வருவதில்லை. சோப்போ கிருமிநாசினியோ விட்டு உள்ளே கழுவினால் மிச்சமிருக்கும் நல்ல பாக்டீரியாவும் போய்விடும்.