பாட்டுப் பதிவில் யார் என்ன செய்கிறார்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

பதினாறு வருஷமாக மிக்ஸிங்தான் பிழைப்பு, அதாவது தனித்தனியாகப் பதிவான குரலையும் வாத்தியங்களையும் ஒன்றாகக் கலப்பது. சொந்தமாகப் பாட்டுப் போடும் தம்பி தங்கைகள் கேட்டதில் அடிக்கடி வருவதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, மியூசிக் புரொடியூசர் என்றால் பணம் போடுகிறவரா?

இல்லை. சினிமா பார்த்தே வளர்ந்ததால் புரொடியூசர் என்றதும் நமக்குச் செக்கில் கையெழுத்துப் போடுகிறவர் முகம்தான் வரும். பாட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை. எந்த வாத்தியம், எந்த வேகம், பல தடவை பாடியதில் எந்த டேக்கை (எந்தத் தடவைப் பதிவை) வைத்துக்கொள்வது, இன்னொரு தடவை பாடச் சொல்லலாமா, 'போதும், முடிந்தது' என்று எப்போது சொல்வது, இதையெல்லாம் முடிவு செய்கிற ஆள் அவர். 1965இல் பீட்டில்ஸின் 'யெஸ்டர்டே' பாட்டுக்கு இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ சேர்க்கலாம் என்று யோசனை சொன்னவர் அவர்களுடைய புரொடியூசர் ஜார்ஜ் மார்ட்டின். நம் சினிமாவில் இந்த வேலை இசையமைப்பாளர், அரேஞ்சர், கீபோர்டு புரோகிராமர் என்று பிரிந்து கிடக்கும், அதனால்தான் குழப்பம்.

கேள்வி: பதிவு செய்கிறவரும் மிக்ஸிங் செய்கிறவரும் ஒருவரேதானே?

சில சமயம். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) ஆல்பத்தைப் பாருங்கள்: புரொடியூசர் குவின்சி ஜோன்ஸ், பதிவும் மிக்ஸிங்கும் புரூஸ் ஸ்வீடியன், மாஸ்டரிங் (மிக்ஸிங் முடிந்த பாட்டை வெளியிடத் தயார் செய்யும் கடைசி வேலை) பெர்னி கிரண்ட்மன். ஒரே ஆள் செய்தாலும் வேலை வேறு வேறுதான். பதிவு செய்யும்போது மைக்கை எங்கே வைப்பது என்பதில்தான் பாதி ஜெயம். மிருதங்கத்தின் வலந்தலையும் (வலப்பக்கம்) தொப்பியும் (இடப்பக்கம்) ஒரே மாதிரி ஒலிக்காது, ஒரே மைக்கை நடுவில் வைத்துவிட்டு, அப்புறம் தொப்பியின் கும்கியை, அந்த ஆழமான முழக்கத்தை, மட்டும் கூட்டுங்கள் என்றால் எங்கே போவது? பாடுகிறவர் காதில் ஹெட்போனில் என்ன கேட்கிறது என்பதும் இவர் பொறுப்பு, அது சரியில்லாவிட்டால் நல்ல பாடகரே சுருதி விலகுவார். மிக்ஸிங் என்பது பதிவான ட்ராக்குகள் (குரல், வாத்தியம் என ஒவ்வொன்றின் தனிப் பதிவு) ஒன்றையொன்று மறைக்காமல் ஏற்றி இறக்கி, இடம் வலம் பிரித்து, கடைசியில் ஒரே ஸ்டீரியோ ஃபைலாகக் கொண்டுவருவது.

கேள்வி: சார், என் பாட்டில் குரல் மங்கலாக இருக்கிறது. மாஸ்டரிங்கில் சரி பண்ணிவிடலாமா?

முடியாது. அதாவது கொஞ்சம் ஒப்பேற்றலாம், அவ்வளவுதான். மாஸ்டரிங் செய்கிறவர் கைக்கு வருவது பெரும்பாலும் அந்த ஸ்டீரியோ ஃபைல் மட்டும்தான். சாம்பாரில் புளி கூடிவிட்ட பிறகு புளியை மட்டும் எடுக்க முடியாதே. குரலைத் தெளிவாக்க மேல் ஸ்தாயியைக் கூட்டினால் ஜால்ராவும் சேர்ந்து காதைக் கிழிக்கும். ஒரு தம்பி சீலிங் ஃபேன் ஓடும்போதே பாடிப் பதிவு செய்து அனுப்பியிருந்தார், மூன்று நாள் போராடிவிட்டு, ஃபேனை நிறுத்தி மறுபடி பாடுங்கள் என்றேன். இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது.

கேள்வி: அப்படியானால் மாஸ்டரிங் எதற்குத்தான்?

இசைத்தட்டுக் காலத்தில் இது பொறுப்பான வேலை. பாஸ் அதிகமானால் தட்டில் வெட்டும் பள்ளம் அகலமாகும், ஒரு பக்கத்தில் அடங்கும் நிமிஷம் குறையும், மோசமானால் ஊசியே எகிறிவிடும். இன்று பெரும்பாலான பாட்டு தட்டில் வருவதில்லை, ஆனால் பாட்டோடு மூன்று மாதம் குடியிருந்து காது மரத்துப்போன நமக்கு ஒரு புதுக் காது தேவைப்படுகிறது. ஆல்பம் என்றால் பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்காமல் பார்ப்பார், இடைவெளி வைப்பார்.

கேள்வி: என் பாட்டு மற்றவர்கள் பாட்டை விடச் சத்தமாக இருக்க வேண்டும்.

வேண்டாம். ஸ்பாடிஃபை வழக்கமாக மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துச் சமன் செய்துவிடும். நீங்கள் லிமிட்டரில் (சத்தத்தின் உச்சத்தை அமுக்கும் கருவி) போட்டு நசுக்கிய பாட்டு அங்கே தட்டையாகத்தான் கேட்கும்.

கேள்வி: எல்லாவற்றையும் நானே செய்தால் தப்பா?

தப்பில்லை. அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் தன் 2019 ஆல்பத்தின் பெரும்பகுதியை அண்ணன் ஃபின்னியாஸின் படுக்கையறையில்தான் பதிவு செய்தார். ஆனால் அவர்களே மிக்ஸிங்கை ராப் கினெல்ஸ்கியிடமும், மாஸ்டரிங்கை ஜான் கிரீன்ஹாமிடமும் கொடுத்தார்கள். கையில் காசு குறைவு என்றால் நல்ல அறையில் குரல் பதிவுக்கும் மிக்ஸிங்குக்கும் செலவழியுங்கள், மாஸ்டரிங் கடைசியில்தான். என் தொழில் மிக்ஸிங் என்பதால் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் அதனாலும்தான்.

கேள்வி: மிக்ஸிங்குக்கு எப்படி அனுப்புவது அண்ணா?

ஒவ்வொரு ட்ராக்கும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்தே தொடங்கட்டும், 24 பிட் வேவ் ஃபைலாக (தரம் குறையாத, சுருக்காத ஒலி ஃபைல்), பெயர் எழுதி. 'ஆடியோ 17' என்று வந்தால் அது தவிலா தம்புராவா என்று நான் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். டெம்போவையும் (பாட்டின் வேகம்) எழுதுங்கள். தயவுசெய்து வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாதீர்கள், போன வாரம் கூட ஒன்று வந்தது.