‘சொல்லி அனுப்புகிறோம்’ என்றார்கள் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருக்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டில் குவாலிட்டி வேலைக்கு இன்டர்வியூ போய்வந்து 10 நாள் ஆகிறது. வெர்னியர், மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவிகளுக்கு லீஸ்ட் கவுண்ட் (அவை அளக்கக்கூடிய மிகச் சிறிய அளவு) கேட்டபோது பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன். மற்றபடி நன்றாகத்தான் பேசினார்கள். "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள், தகவலே இல்லை. நானே போன் செய்தால் தப்பாக நினைப்பார்களா? அப்பா தினமும் கேட்கிறார். இங்கே வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகத் தேடலாமா? ஒரு ஏஜெண்ட் 20,000 ரூபாயும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொடுத்தால் அதே கம்பெனியில் முடித்துத் தருகிறேன் என்கிறார்.

பெயர் வேண்டாம், குடியாத்தம்

அன்புள்ள தம்பி,

போன் செய்யுங்கள், நாளைக்கே. ஷிப்ட் மாறுகிற நேரம் வேண்டாம், காலை 11 மணி வாக்கில் கூப்பிடுங்கள். "இந்தத் தேதியில் இந்த வேலைக்கு வந்திருந்தேன் சார், முடிவு எப்போது தெரியும்?" அவ்வளவு போதும். யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். மேலதிகாரி கையெழுத்து, சம்பளப் பேச்சு என்று ஃபைல் மேஜை மேஜையாக நகரும். முதலில் எடுத்தவர் கடைசி நேரத்தில் வராமல் போய், அடுத்த பெயரைக் கூப்பிடுவதும் உண்டு. அவர்கள் சொல்கிற தேதியை அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். அவருக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

அப்புறம் நான்கு வரியில் ஒரு மெயில். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி சொல்லிவிட்டு, அன்று மாற்றிச் சொன்னதையும் எழுதுங்கள்: சாதாரண வெர்னியருக்கு 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01 மி.மீ. ‘தப்பை நாமே ஏன் ஞாபகப்படுத்த வேண்டும்’ என்பார்கள் சிலர். எனக்கு அது சரியாகப் படவில்லை. தப்பான அளவைக் கண்டும் காணாமல் விடாத ஆளைத்தானே குவாலிட்டிக்குத் தேடுகிறார்கள்?

இந்த மெயில் அன்று இரவே போயிருக்க வேண்டியது. அடுத்த முறை, ராணிப்பேட்டை முத்துக்கடையில் பஸ் ஏறியதும் போனில் எழுத ஆரம்பித்துவிடுங்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னீர்கள், எந்த இடத்தில் தடுமாறினீர்கள், எல்லாவற்றையும். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால் பாதி மறந்துவிடும். எதிர்பார்க்கும் சம்பளம் என்று நீங்கள் சொன்ன தொகையை அவசியம் குறித்துவையுங்கள். பத்து நாள் கழித்து எச்.ஆர். கூப்பிட்டுக் கேட்கும்போது வேறு தொகை சொன்னால் பேச்சே கெட்டுவிடும். இப்போது நினைவிருப்பதையாவது எழுதிவையுங்கள். அடுத்த கம்பெனியிலும் இதே கேள்விகளில் பல வரும்.

அடுத்த கம்பெனி என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஓர் இன்டர்வியூ முடிந்ததும் போனையே பார்த்துக்கொண்டு, வேறெங்கும் விண்ணப்பிக்காமல் ஒரு மாதத்தை விட்டுவிடும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கமெல்லாம் இந்த வாரமே அனுப்புங்கள்.

ஆம்பூர் வேலையை விட்டுவிடாதீர்கள். "செலக்ட் ஆகிட்டீங்க" என்று போனில் சொன்னாலும் போதாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்து, சம்பளம், சேரும் தேதி எல்லாம் படித்துப் பார்த்த பிறகுதான் ராஜினாமா. போகும்போது ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப்.புக்கு இப்போதிருக்கும் யு.ஏ.என். எண்ணையே புது இடத்திலும் கொடுங்கள்.

ஏஜெண்ட் விஷயம். ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஒழுங்கான கம்பெனி வேலை கேட்டு வருகிறவரிடம் பணம் வாங்காது. சேரும்போது சரிபார்க்க ஒரிஜினலைக் கேட்பார்கள். காட்டிவிட்டு அப்போதே கையில் திரும்ப வாங்கிக்கொண்டு, ஜெராக்ஸை மட்டும் கொடுத்துவிட்டு வர வேண்டும். அந்த ஆளிடம் ஏற்கெனவே சர்டிபிகேட்டைக் கொடுத்திருந்தால் நாளைக்கே அப்பாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள். தர மறுத்தால் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள், தயங்க வேண்டாம்.

அன்புடன்