தலைப் பக்கம் மனிதர், பூப் பக்கம் பறவை

கேள்வி: மறைந்த என் மாமாவின் நாணய ஆல்பத்தில் 'சீலேண்ட்' என்று பொறித்த 10 டாலர் வெள்ளிக் காசு ஒன்று இருக்கிறது. ஆண்டு 1972. அப்படி ஒரு நாடே கிடையாது, இது கள்ளக்காசு என்கிறார் என் தோழி. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! இன்னொருவர் காசைப் பார்த்து அதேபோல அடித்து ஏமாற்றினால்தான் கள்ளக்காசு. உங்களிடம் இருப்பது யாருடைய நகலும் இல்லை. சீலேண்ட் என்பது இங்கிலாந்தின் சஃபோக் கரைக்கு அப்பால், இரண்டாம் உலகப் போரின்போது கடலில் எழுப்பிய கோட்டை. இரண்டு பருத்த தூண்கள், மேலே ஒரு தளம், அவ்வளவுதான். ராய் பேட்ஸ் என்பவர் அங்கே குடியேறி, 1967இல் தனி நாடு என்று அறிவித்தார். காசில் இருக்கும் முகம் அவர் மனைவி ஜோனுடையது. எந்த நாடும் சீலேண்டை அங்கீகரிக்கவில்லை. அதனால் அந்த 10 டாலர் எங்கும் செல்லாது. ஆனால் வெள்ளி வெள்ளிதானே!

இந்த வகைக் காசு கைக்கு வந்தால், இதைக் கொடுத்து யாராவது எதையாவது வாங்கியிருப்பார்களா என்றுதான் முதலில் யோசிப்பேன். பெரும்பாலும் இருக்காது, சேகரிப்பவர்களுக்கென்றே அடித்தவை. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் உள்ள லண்டித் தீவின் 1929ஆம் ஆண்டு வெண்கலக் காசு அப்படியல்ல. தீவின் சொந்தக்காரர் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் அதைப் புழக்கத்துக்கே அடித்தார். தலைப் பக்கம் அவர் முகம், பூப் பக்கம் பஃபின் என்ற கடற்பறவை. காசின் பெயரும் பஃபின்தான். மதிப்பு ஒரு பென்னி. அரை பஃபினும் உண்டு. அதில் பறவையின் தலை மட்டும்! என்னிடம் உள்ள பஃபினில் அலகு மழுங்கியிருக்கிறது. எத்தனை விரல்கள் பட்டனவோ என்று லென்ஸைக் கண்ணிலிருந்து விலக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பிரிட்டிஷ் அரசு சும்மா விடவில்லை. தனி ஆள் காசு அடித்து வெளியிட்டது குற்றம் என்று ஹார்மன்மீது 1870ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்கீழ் வழக்கு, 5 பவுண்டு அபராதம். மேல்முறையீடும் தோற்றது. தீவை அவர் வாங்கிய 40ஆம் ஆண்டின் நினைவாக 1965இல் மறுபடி அடித்தார்கள், தங்கத்திலும்கூட. பளபளவென்று அழகுதான். ஆனாலும் என் மனம் தேய்ந்த வெண்கலத்தின் பக்கமே. வாங்க நினைப்பவர்கள் ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, உங்கள் காசுக்கு வருவோம். பற்பசை போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். விளிம்பில் மட்டும் பிடித்து எடுங்கள். பக்கத்தில் மாமா எழுதிய சீட்டு ஏதும் இருந்தால், அதையும் காசோடு சேர்த்தே வையுங்கள்.