அடுப்பு பற்ற வைக்காமல் கோடையில் சத்தான சூப் செய்ய முடியுமா?

கேட்டிருப்பது இதுதான்: வெயில் காலத்தில் அடுப்படியில் நிற்க முடியவில்லை, காய்களை வேகவைக்காமல் பச்சையாகவே சூப் செய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது. பங்குனிக் கடைசியில் தொடங்கி அக்னி நட்சத்திரம் முடியும் வரை எங்கள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நான்கு நாள் இதுதான் மதியச் சாப்பாட்டோடு. ஈரோட்டில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற வீடு எங்களுடையது. உச்சி வேளையில் சமையலறைச் சுவரில் கை வைத்தாலே சுடும்.

பச்சை சூப் என்றால் வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். கொங்குப் பக்கத்துப் பச்சைப்புளி ரசம் அடுப்பையே பார்க்காத ரசம். முதலில் அதைச் செய்து பழகுங்கள், மற்றதெல்லாம் தானாகப் பிடிபடும்.

நான்கு பேருக்குச் சின்ன எலுமிச்சை அளவு புளி போதும். அரை மணி நேரம் ஊறவைத்து, நாலு டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி வையுங்கள். பத்துப் பன்னிரண்டு சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து ஒரு சட்டியில் போட்டு, அதோடு தட்டிய பூண்டு மூன்று பல், பொடித்த சீரகம் ஒரு டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், கிள்ளிப் போட்ட கறிவேப்பிலை, ஒரு கைப்பிடி கொத்தமல்லித்தழை, கல் உப்பு எல்லாம் சேருங்கள். அப்புறம் கையால் பிசைய வேண்டும். இரண்டு நிமிடம் விடாமல் பிசைந்தால் வெங்காயம் துவண்டு, உப்பு அதன் நீரை இழுத்துச் சட்டியின் அடியில் லேசான ஊதா நிறத்தில் சாறு கட்டும். அந்தச் சாறுதான் ரசத்துக்கு உயிர். புளித்தண்ணீரை அதன் மேல் ஊற்றி, சுண்டைக்காய் அளவு வெல்லம் கரைத்துவிட்டால் முடிந்தது. பச்சை மிளகாயை மட்டும் கடைசியில் கீறிப் போடுங்கள். சேர்த்துப் பிசைந்தால் சாயங்காலம் வரை கை எரியும்.

மிக்சியில் ஒரு சுற்று விட்டால் என்ன என்று என் அம்மிச்சியிடம் ஒரு தடவை கேட்டேன். "வேண்டாங் கண்ணு, வெங்காயம் அரைபட்டா கசந்து போயிரும்" என்றார். அரைத்தும் பார்த்தேன், அவர் சொன்னபடியே ஆனது. பருப்புச் சோற்றில் இந்த ரசத்தை ஊற்றி, கிண்ணத்தின் அடியில் தங்கிய வெங்காயத்தையும் கரண்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டால் வேறு தொடுகறியே தேவைப்படாது.

அடுத்தது தக்காளி. ஸ்பெயினின் தெற்கே ஆண்டலூசியா என்ற வெயில் பூமியில் காஸ்பாச்சோ என்ற பச்சைத் தக்காளி சூப்பைக் கோடை முழுக்கக் குடிக்கிறார்கள். பச்சை என்றால் வேகாதது, தக்காளி நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். இதற்கு நாட்டுத் தக்காளிதான் சரி. பெங்களூர்த் தக்காளியில் புளிப்பும் சாறும் குறைவு. அரைக் கிலோ தக்காளி, ஒரு வெள்ளரிக்காய், பாதிக் குடைமிளகாய், ஒரு பல் பூண்டு, ஊறவைத்துப் பிழிந்த ஒரு துண்டு ரொட்டி, உப்பு, ஒரு ஸ்பூன் வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. ரொட்டிதான் சூப்புக்குக் கெட்டித்தன்மை தருகிறது. அரைத்ததும் மேலே நுரை கட்டி நிற்கும். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் நுரை அடங்கி, நிறமும் தெளியும். எண்ணெயைக் கடைசியில் சேருங்கள். ஆலிவ் எண்ணெயை மிக்சியில் வேகமாக நெடுநேரம் சுற்றினால் கசப்பு ஏறிவிடும். நான் பெரும்பாலும் செக்கு நல்லெண்ணெய் ஒரு ஸ்பூன்தான் விடுகிறேன். வாசம் வேறு மாதிரி இருந்தாலும் தக்காளியோடு ஒத்துப்போகிறது. இந்த எண்ணெயைச் சேர்க்காமல் இருந்துவிடாதீர்கள். தக்காளியின் சிவப்புக்குக் காரணமான லைகோபீன் கொழுப்பில் கரைவது, எண்ணெய் இருந்தால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். லைகோபீன் வெந்த தக்காளியிலிருந்துதான் இன்னும் எளிதாகக் கிடைக்கும் என்பதும் உண்மை. ஆனால் வைட்டமின் சி சூட்டில் குறைந்துபோகும், அது பச்சையில்தான் அதிகம். அதனால் எல்லாவற்றையும் பச்சையாகவே சாப்பிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

வெள்ளரியும் தயிரும் சேர்ந்தது மூன்றாவது. பல்கேரியாவில் தாராதோர் என்று இதைச் செய்கிறார்கள். தயிர், பொடியாக நறுக்கிய வெள்ளரி, பூண்டு, வால்நட், சோயாக்கீரை என்கிற சதகுப்பை இலை (டில்). வால்நட்டுக்குப் பதில் வறுத்த வேர்க்கடலையை ஒன்றிரண்டாக இடித்துப் போடுகிறேன், சோயாக்கீரைக்குப் பதில் புதினா. தயிரும் கடலையும் இருப்பதால் கொஞ்சம் புரதமும் கிடைக்கிறது. மற்ற இரண்டு சூப்பிலும் அது குறைவு, அதை மட்டும் குடித்துவிட்டு மதியச் சாப்பாடு ஆயிற்று என்று இருந்துவிடாதீர்கள்.

எதைச் செய்தாலும் குளிர்ந்த பிறகு ஒருமுறை உப்புப் பார்க்க வேண்டும். சில்லென்று இருக்கும்போது நாக்குக்கு உப்பும் இனிப்பும் மட்டாகத்தான் தெரியும். அதற்காக உப்பைக் கூட்டிக்கொண்டே போகாமல், எலுமிச்சையைக் கூட்டுங்கள். என் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பதால் நான் அப்படித்தான் செய்கிறேன்.

சுத்தம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அடுப்பில் கொதிக்கும்போது சாகிற கிருமி இங்கே சாகாது. முந்தின இரவே கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறேன். காய்களைத் தோல் சீவுவதற்கு முன்பே ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும், கொத்தமல்லியை வேர்மண் போக மூன்று தண்ணீரில் அலச வேண்டும். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மே மாதம், காலை பத்து மணிக்குத் தயிர் சூப் செய்து மேடையிலேயே வைத்துவிட்டேன். மதியம் இரண்டு மணிக்குக் குடித்த மகளுக்கு அன்று இரவெல்லாம் வயிற்றுப்போக்கு. அந்த வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது. இப்போது செய்த கையோடு ஃப்ரிட்ஜுக்குள் போய்விடுகிறது, மறுநாளுக்கு வைப்பதும் இல்லை.

சுரைக்காயைப் பச்சையாக அரைத்துக் குடிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அரைப்பதற்கு முன் ஒரு துண்டை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக் காயையும் தூக்கிப் போட்டுவிடுங்கள், பாதியை வெட்டிவிட்டு மீதியைப் போடலாம் என்று பார்க்காதீர்கள். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சு. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. வெள்ளரிக்கும் இதே சோதனையைச் செய்துவிடுங்கள். முளைகட்டிய பயறைப் பச்சையாக அரைத்து நான் சேர்ப்பதில்லை. முளைக்கிற அந்த ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் தோது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குத் தக்காளியில் உள்ள பொட்டாசியம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்கள் நாளைக்கே அரை மணி நேரம் புளியை ஊறப் போடலாம்.