நானோ கான்கிரீட் தீயைத் தாங்குமா?

கேள்வி: வீட்டுக்குத் தளம் போடப் போகிறோம். நானோ சிலிக்கா என்ற மிக மிக நுண்ணிய பொடியைக் கலந்தால் தீப்பிடித்தாலும் கான்கிரீட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று கடைக்காரர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், திருப்பூர்

பாதி நம்பலாம். சிமென்ட் இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற சுண்ணாம்புப் பொருள் மிஞ்சும். 400 – 500 டிகிரி செல்சியஸ் சூட்டில் அது சிதைந்து சுட்ட சுண்ணாம்பாகிவிடும், தீயணைந்த பிறகு ஈரத்தை உறிஞ்சி உப்பி, அதுவரை தப்பித்த இடத்தையும் விரிசல் விடவைக்கும். நானோ சிலிக்கா இந்தச் சுண்ணாம்பைப் பிடித்து நல்ல பிணைப்புப் பொருளாக மாற்றுகிறது, நுண்துளைகளையும் அடைக்கிறது. அதனால் 300, 400 டிகிரி வரை சாதாரணக் கலவையைவிட வலு பெரும்பாலும் கூடுதலாகவே நிற்கும்.

சிக்கலே அந்த அடைப்பில்தான். கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியேறப் பார்க்கும், வழி இல்லையென்றால் மூடி இறுகிய குக்கர் மாதிரி அழுத்தம் ஏறி, மேல்பரப்பு பட்டென்று சில்லு சில்லாகத் தெறிக்கும். 1996 நவம்பரில் இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் சேனல் சுரங்கத்தில் லாரி ஏற்றிய ரயில் எரிந்ததே, அங்கே இதுதான் நடந்தது. அது நானோ கான்கிரீட் இல்லை, ஆனால் துளைகள் குறைந்து நெருக்கமாக இறுகிய உயர்வலுக் கான்கிரீட். சுமார் 45 செ.மீ. தடிமன் இருந்த சுவரில் மோசமான இடங்களில் சில சென்டிமீட்டர்தான் மிஞ்சியது.

இதற்கு மருந்து, விலை குறைந்த பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. ஒரு கன மீட்டருக்குச் சுமார் 2 கிலோ போதும். 170 டிகிரிக்குள் உருகி, ஆவி தப்பிக்கப் பாதை விட்டுவிடும். கார்பன் நானோகுழாய் (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பன் குழல்) என்று யாராவது ஆரம்பித்தால், அது நுண்விரிசலைப் பிடித்துவைப்பது உண்மைதான், ஆனால் காற்றுப் பட்டால் 500 – 600 டிகிரியில் அதுவே எரிந்துபோகும் என்று சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நானோ பொடியைச் சாதாரண மிக்ஸரில் கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும், பரவாது. உங்கள் வீட்டுக்கு அந்தச் செலவே வேண்டாம். தளத்துக் கம்பிக்கு அடியில் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பியை அச்சுப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் சிறு கட்டை), தூணுக்கு 40 மி.மீ. சரியாக வைக்கிறார்களா என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள். 500 டிகிரியைத் தாண்டினால் கம்பியும் வேகமாக வலுவிழக்கும், அந்தச் சூட்டைக் கம்பிக்குப் போகவிடாமல் தள்ளிப்போடுவது கம்பியை மூடி நிற்கும் இந்தக் கான்கிரீட் கவர்தான்.

கேள்வி: எரிந்த கட்டடத்தில் கான்கிரீட் கெட்டுவிட்டதா என்று பார்த்தே சொல்ல முடியுமா?
– வாசகர், சிவகாசி

ஓரளவு முடியும். கொஞ்சம் உடைத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் 300 டிகிரியைத் தாண்டிய சூடு, 600க்கு மேல் போனால் வெளிறிய சாம்பல். ஜல்லியிலும் மணலிலும் இரும்பு இல்லையென்றால் சிவக்காமலும் போகும், அதனால் நிறத்தை மட்டும் நம்பிக் குடியேறாதீர்கள், கோர் (துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி) வெட்டி ஆய்வகத்தில் நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.