ஆறு முடிகிற ஊர்கள்

அன்புள்ள அக்கா,

உங்கள் கடற்கரைப் பயணக் கட்டுரைகளை இவரும் நானும் சேர்ந்துதான் படிப்போம். இரண்டு பேரும் ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மன்னார்குடியில் இருக்கிறோம். எங்களை மத்தியதரைக் கடல் கப்பல் சுற்றுலாவுக்கு அனுப்ப வேண்டும் என்று மகனுக்கு ஆசை. பத்து நாளில் எட்டுத் துறைமுகம். எனக்கும் ஆசைதான். இவரோ, “பூம்புகாரில் பார்க்காத கடலா? எல்லாக் கடலும் உப்புத் தண்ணிதான்” என்கிறார். நீங்களும் உங்கள் கணவரும் ஊரை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? கப்பலில் போகலாமா? இன்னொன்று, நாங்கள் சுத்த சைவம். மீன் பிடிக்கிற ஊர்களில் ஒரு வாரம் தங்கிச் சாப்பிட முடியுமா?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

கப்பல் வேண்டாம். மகன் ஆசையாகக் கேட்கும்போது இப்படிச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் என் பதில் அதுதான். சுற்றுலா அட்டவணையில் ரோம் என்று போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து ரோமுக்குச் சுமார் 70 கிலோமீட்டர். காலையில் இறங்கி, பஸ்ஸில் போய், கொலோசியத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் கப்பலுக்கு ஓடி வர வேண்டும். வெனிஸில் 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்களை நகரத்தின் நடுவே விடுவதே இல்லை. கடற்கரை ஊரைப் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலையும், படகுகள் கரைக்குத் திரும்புகிற பொழுதும். அந்த இரண்டு நேரமும் நீங்கள் பெரும்பாலும் கப்பல் அறைக்குள் இருப்பீர்கள். அதே பணத்தில் ஒரே ஊரில் வீடு எடுத்து நிதானமாகத் தங்கலாம் என்று மகனிடம் எடுத்துச் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கடலை மட்டும் பார்ப்பதென்றால் பூம்புகாரே போதும். நாங்கள் ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது வரைபடத்தில் முதலில் தேடுவது ஆற்றை. எந்த ஆறு, எங்கே கடலில் சேர்கிறது, சேர்கிற இடத்தில் என்ன விளைகிறது என்று பார்ப்போம். நான் பிறந்தது வேதாரண்யம் பக்கம், உப்பளத்துக்கு அருகே. இவர் நீடாமங்கலத்துக்காரர், வெண்ணாறும் கோரையாறும் பாமணியும் பிரிகிற மூணாறு தலைப்பில் குளித்து வளர்ந்தவர். அவர் ஊரில் தண்ணீர் பிரிகிறது, என் ஊரில் முடிகிறது. ஜூன் மாதம் மேட்டூர் அணை திறந்த செய்தி வந்தால் இவர் வீட்டில் நாற்றங்கால் பேச்சு ஆரம்பித்துவிடும். எங்கள் வீட்டிலோ தண்ணீர் கடைமடை வரைக்கும் வந்து சேருமா என்பதுதான் பேச்சு. இந்த இரண்டு பேச்சையும் கேட்டு வளர்ந்த நமக்குக் கழிமுகத்து ஊர்களில் பார்க்கவும் விசாரிக்கவும் விஷயத்துக்குக் குறைவே இல்லை. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். பாமணி உங்கள் ஊர் வழியாகத்தானே போகிறது!

ஸ்பெயினில் எப்ரோ டெல்டாவை அவசியம் பாருங்கள். பார்சலோனாவிலிருந்து தெற்கே ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். ஆம்போஸ்டாவிலோ டெல்டெப்ரேயிலோ தங்கலாம். கண்ணுக்கெட்டிய தூரம் நெல் வயல், வயல் முடிந்தால் கடல். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் விட்டு விதைத்து செப்டம்பரில் அறுக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு போகம்தான்.

அங்கே போய் இறங்கிய அன்று இவர் கடற்கரைக்கே வரவில்லை. வழியில் ஒரு வாய்க்கால், அதில் ஒரு சின்ன மதகு. இரும்புத் திருகு, தண்ணீர் பட்டுக் கறுத்த பலகை, பலகையின் இடுக்கில் பாசி. அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் ஒரு மூலையில் வயலுக்குள் நுழைந்து மறுமூலையில் வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. வடிகால் கரையில் நின்ற வயதான விவசாயி ஒருவரிடம் போனில் மொழிபெயர்த்துக் காட்டி விசாரித்தோம். நல்ல தண்ணீர் வயலில் நின்று மண்ணில் உள்ள உப்பைக் கீழே அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும் என்றார். அப்புறம் வரப்பிலிருந்து ஒரு துளி மண்ணை எடுத்து நாக்கில் வைத்துக் காட்டினார். இவரும் அப்படியே எடுத்து வைத்துப் பார்த்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். தலைஞாயிறு பக்கத்தில் நிலம் வைத்திருக்கிறவர்களுக்கு அந்தத் தலையாட்டலின் அர்த்தம் நன்றாகத் தெரியும்.

ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல்தான் டெல்டா. 1960களில் எப்ரோவின் குறுக்கே மெக்கினென்சா, ரிபா ரோஜா என்ற இரண்டு பெரிய அணைகள் வந்தன. அன்றிலிருந்து வண்டலில் மிகப் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. புது மண் வராத கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. 2020 ஜனவரியில் குளோரியா புயல் அடித்தபோது சுமார் 3,000 ஹெக்டேர் நெல் வயலுக்குள் கடல்நீர் புகுந்தது. டெல்டாவின் தெற்கு முனையைப் பிடித்திருக்கிற திரபுகடோர் என்ற ஒல்லியான மணல் திட்டு உடைந்துபோனது. அந்தத் திட்டில் நின்று இதைக் கேட்டபோது எனக்கு 2018 நவம்பர் 16 காலைதான் கண்முன் வந்தது. கஜா கரை கடந்த பிறகு எங்கள் பக்கத்து உப்பளங்களும் தென்னந்தோப்புகளும் கிடந்த கிடப்பு. புயலுக்குப் பெயர் வேறு, தேசம் வேறு. வயலில் நின்ற தண்ணீரின் ருசி ஒன்றுதான்.

அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எப்ரோ தண்ணீரை மற்ற பகுதிகளுக்குத் திருப்பும் திட்டத்தை 2001இல் ஸ்பெயின் சட்டமாகவே கொண்டுவந்தது. லட்சக்கணக்கில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2004இல் அந்தத் திட்டம் ரத்தானது. முடிச்சுப் போட்ட நீலக் குழாய்தான் அவர்களுடைய போராட்டச் சின்னம். தண்ணீருக்காக எத்தனையோ வருஷம் காத்துக் கிடக்கிற நமக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

டெல்டாவின் தென்கோடியில் உப்பளமும் இருக்கிறது, பூநாரைகளும் இருக்கின்றன. கோடியக்கரைக்காரிக்கு வேறென்ன வேண்டும்? அன்று இவர் எனக்காகக் காத்திருந்தார்.

ஆற்றுக்குச் சம்பந்தமில்லாத ஓர் ஊரையும் சொல்லிவிடுகிறேன், அதே விசாவில் போய்விடலாம் என்பதால். போர்ச்சுகலில் நசரே. உலகத்திலேயே பெரிய அலைகளில் சறுக்குவதற்காகப் பிள்ளைகள் அங்கே வருகிறார்கள். கரைக்குப் பக்கத்திலேயே கடலுக்கடியில் பெரிய பள்ளத்தாக்கு இருப்பதால் குளிர்காலத்தில் அலை அவ்வளவு உயரம் எழும்புகிறது. நான் பார்க்கச் சொல்வது கடற்கரையில் கருவாடு காயப் போடும் பெண்களை. வலை கட்டிய மரச் சட்டங்களில், புத்தகத்தை விரித்தது போல் பிளந்த மீன்களை வரிசையாகப் பரப்பியிருப்பார்கள். நாகப்பட்டினத்து வெயிலில் அந்த வேலை எத்தனை பாடு என்று தெரிந்தவர்கள் நின்று பார்க்காமல் நகர மாட்டார்கள். குன்றின் மேல் நசரே மாதா கோவில். அங்கே மாதாவின் பெருநாள் செப்டம்பர் 8. அன்றுதானே வேளாங்கண்ணித் திருவிழாவும் நிறைவடைகிறது! ஆகஸ்ட் கடைசியில் மன்னார்குடி வழியாகக் காவி உடையில் நடந்து போகிறவர்களை வருஷா வருஷம் பார்த்திருப்பீர்கள். இன்னொரு கடலோரத்தில் அதே நாளில் ஓர் ஊரே மாதாவுக்காகத் திரண்டு நிற்பதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. செப்டம்பர் முதல் வாரம் நசரே, அப்புறம் அறுவடைக்கு எப்ரோ என்று வைத்துக்கொண்டால் ஷெங்கன் விசா ஒன்றே இரண்டு நாட்டுக்கும் போதும்.

ஆனால் முதல் பயணமே அவ்வளவு தூரம் வேண்டாம். வியட்நாமில் ஹோய் ஆன் போங்கள். திருச்சியிலிருந்தே சிங்கப்பூர் வழியாகப் போகலாம். நடுவில் சிங்கப்பூரில் இறங்கினால் தெலோக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் கட்டிய நாகூர் தர்காவைப் பாருங்கள். நம் பக்கத்துக் கப்பல்காரர்கள் கரை இறங்கியதும் தொழுத இடம். அன்று அது கடலை ஒட்டிய தெரு. கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள்தான். இங்கே தரங்கம்பாடியில் நேர்மாறு. 1306இல் கட்டிய மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. உங்கள் வீட்டுக்காரரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே அழைத்துப் போய்விட்டு அப்புறம் டிக்கெட் பேச்சை எடுங்கள். எல்லாக் கடலும் ஒன்றுதான் என்று சொல்கிறவர், கரைகள் எல்லாம் ஒன்றில்லை என்பதையாவது ஒத்துக்கொள்வார்.

ஹோய் ஆனை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காவிரிப்பூம்பட்டினம்தான் காரணம். நம் பட்டினத்தைப் பாட்டில்தான் படிக்கிறோம். பொதி பொதியாக மிளகும் பொன்னும் கிடந்த தெரு எப்படி இருந்திருக்கும் என்று மண்ணில் பார்க்க வழியில்லை. ஹோய் ஆனில் அப்படியொரு தெரு இன்னும் நிற்கிறது. சீனரும் ஜப்பானியரும் வந்து வாணிபம் செய்த ஊர். 19ஆம் நூற்றாண்டில் து போன் ஆறு தூர்ந்துபோக, கப்பல்கள் பக்கத்து டா நாங் துறைமுகத்துக்குப் போய்விட்டன. காசு நின்றுபோனதால் யாரும் இடித்துக் கட்டவில்லை, பழைய மர வீடுகள் தப்பித்தன. 1999இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நாங்கள் பார்த்த ஒரு வியாபாரி வீட்டுச் சுவரில், எந்த வருஷ வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தார்கள். சில கோடுகள் என் தலைக்கு மேலே. மாடித் தளத்தில் சதுரமாக ஒரு திறப்பு. வெள்ளம் ஏறினால் கீழே இருக்கிற சாமான்களை அதன் வழியாகக் கப்பிக் கயிற்றில் மேலே இழுத்துவிடுவார்கள். வெள்ளம் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுக் கடையைத் திறப்பார்கள். நமக்கு மழை கொட்டுகிற அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் அங்கேயும் கொட்டுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று காரணம். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகாதீர்கள். பிப்ரவரி, மார்ச் நல்லது. இங்கே சம்பா அறுவடையும் முடிந்திருக்கும். சுமார் 40 கிலோமீட்டரில் மீ சோன் இருக்கிறது. அந்தப் பக்கத்தை முற்காலத்தில் ஆண்ட சம்பா (நம் நெல் இல்லை, Champa என்ற நாடு) அரசர்கள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோவில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரும் சேதமானது போக மிச்சம் நிற்கிறது. காலையில் வெயிலுக்கு முன்னால் போய்விடுங்கள்.

சாப்பாட்டுக் கவலைக்கு வருகிறேன். எப்ரோவில் சமையலறையோடு வீடு எடுங்கள். அங்கே விளைந்த அரிசியே கடையில் கிடைக்கும்; நீங்கள் புளியும் சாம்பார்ப் பொடியும் கொண்டுபோனால் போதும். ஹோட்டலில் சோறு வாங்காதீர்கள், காய்கறிச் சோறு என்று எழுதியிருந்தாலும் மீன் சாற்றில் வேகவைத்ததாக இருக்கலாம். ஹோய் ஆனில் கஷ்டமே இல்லை. சைவத்துக்கு அங்கே ‘சாய்’ என்று பெயர், கடைப் பலகையிலேயே எழுதியிருக்கும். சாதாரணக் கடைகளில் எல்லாவற்றிலும் மீன் சாறு ஊற்றுவார்கள், அதனால் ‘சாய்’ கடையாகப் பார்த்துப் போங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு சைவம் சமைப்பவர்கள் நிறைய, அந்த நாட்களில் தெருக்கடைகளில்கூடச் சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும். பௌர்ணமிக்கு முந்தின இரவு பழைய தெருக்களில் மின்விளக்கை அணைத்துவிட்டுக் காகித விளக்கும் பட்டு விளக்கும் ஏற்றுகிறார்கள். காலண்டரில் பௌர்ணமி என்றைக்கு வருகிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு நாள் முன்னதாகப் போய்ச் சேர்கிற மாதிரி டிக்கெட் போடுங்கள்.

அன்புடன்,
அக்கா