காளானா, பலாக்கொட்டையா? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல பழைய டிவி கேம் பத்தி சும்மா ரெண்டு வரிதான் எழுதினேன், அதுக்கு நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்த கடிதாசில பாதிக்கு மேல மரியோவுல மொத மொதல்ல எதிர்ல நடந்து வர்ற அந்த பழுப்பு கலர் ஆளப் பத்திதான். அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அவனுக்கே.

பாலக்கோடு வாசகர்: அண்ணா, கையே இல்லாம ரெண்டு காலு, மொறைக்கிற கண்ணு, அத நாங்க காளான்னு சொல்வோம், எங்க மாமா பையன் பலாக்கொட்டைன்னு சண்ட போடுவான். யாரு சொல்றது சரி?

உங்க மாமா பையனையும் விட்டுக் குடுக்க முடியாது தம்பி. இங்கிலீஷ்ல அதுக்கு பேரு கூம்பா, ஜப்பான்ல குரிபோ. குரின்னா அங்க செஸ்ட்நட், நெருப்புல வாட்டி திங்கிற ஒரு கொட்ட, பாக்க கிட்டத்தட்ட நம்ம சுட்ட பலாக்கொட்ட மாதிரியேதான் இருக்கும். ஆனா 1985 செப்டம்பர்ல சூப்பர் மரியோ பிரதர்ஸ் வந்தப்ப கூட குடுத்த புக்லெட்ல இது காளான் ராஜ்ஜியத்துக்கு துரோகம் பண்ணிட்டு எதிரி பக்கம் போன காளான்னு போட்டிருந்தாங்க. கதைப்படி காளான், பேருப்படி கொட்ட.

காவேரிப்பட்டணம் வாசகர்: இவ்ளோ சப்பையான ஒரு எதிரிய எதுக்கு சார் வச்சாங்க? ஒரு மிதி மிதிச்சா செத்துடுது.

சப்பையா இருக்கணும்னேதான் வச்சாங்க, எனக்கு இதுல ரொம்ப புடிச்ச விஷயமும் அதுதான். கேம்ல மொதல்ல வர்ற எதிரின்னாலும் செஞ்சது கடைசியா. முன்னாடி ஆமைதான் இருந்துச்சு, அத மிதிச்சா ஓட்டுக்குள்ள போயிடும், அப்புறம் அந்த ஓட்ட ஒதைக்கணும், ஒதச்சது செவுத்துல பட்டு திரும்பி வந்தா நாம தப்பிக்கணும், புதுசா கன்ட்ரோலர புடிச்சவனுக்கு எடுத்த ஒடனே இது ரொம்ப கஷ்டம்னு இந்த கேம உருவாக்கின மியாமோட்டோ டீமுக்கு புரிஞ்சிடுச்சு. நடந்து வரும், மிதிச்சா சாகும், அப்படி ஒண்ணு வேணும்னு முடிவு பண்றாங்க, ஆனா அதுக்குள்ள கேசட்ல இடமெல்லாம் தீந்து போச்சு. மொத்த கேமே 40 கிலோபைட் சார், இப்ப வாட்ஸ்அப்புல வர்ற குட்மார்னிங் போட்டோ ஒண்ணு பெரும்பாலும் அதவிட பெருசா இருக்கும்.

என்ன பண்ணாங்கன்னா, கூம்பா நடக்கறதுக்கு ஒரே ஒரு படம்தான் போட்டாங்க. பழைய கேம் கெடச்சா டிவி கிட்ட போய் உத்து பாருங்க, ஒரு காலு முன்னாடி வந்த மாதிரி ஒரு படம், அடுத்த செகண்ட் அதே படம் கண்ணாடில பாத்த மாதிரி இடம் வலமா திரும்பி நிக்கும், அப்படி மாத்தி மாத்தி திருப்பறதுதான் நமக்கு அந்த தத்தக்கா பித்தக்கா நடையா தெரியுது. 16க்கு 16 புள்ளிக்குள்ள புருவம், கண்ணு, பல்லு, காலு எல்லாம் அடங்கிடுச்சு. இடம் பத்தாம பண்ண இன்னொரு வேலையும் சொல்றேன், வானத்துல இருக்க மேகமும் தரைல இருக்க புதரும் ஒரே படம், கலரு மட்டும்தான் வேற.

மாங்கா அடிக்க பழகறவன் எடுத்த ஒடனே உச்சாணி கெளைக்கா கல்ல விடுவான், கைக்கு எட்டறதுலதான ஆரம்பிப்பான். அந்த எட்டற கெளதான் கூம்பா.

அரூர் வாசகி: என் பையனுக்கு ஆறு வயசு. மொதல்ல வர்ற அது மேலயே மோதி மோதி சாகறான், ரிமோட்ட தூக்கி அடிக்கிறான். எனக்கும் ஆட தெரியாது, எப்படி சொல்லித் தர்றது?

அக்கா, நீங்க ஒண்ணுமே சொல்லித் தர வேணாம், பக்கத்துல மட்டும் உக்காருங்க. மொத உயிரு அதுகிட்ட போறது எல்லாருக்கும் நடக்கறதுதான். மூணு உயிரு குடுக்கறான்ல, செத்தா கொஞ்ச தூரத்துலயே திரும்ப ஆரம்பிக்கிறான், அதனால மோதினா சாவோம், அப்ப தாண்டணும், தாண்டும்போது மேல விழுந்தா அது நசுங்குதுன்னு பையன் தானா புடிச்சிடுவான்.

அடுத்து நடக்கறத கவனிச்சு பாருங்க, அதுதான் அழகு. கேள்விக்குறி கட்டைய முட்டினா ஒரு காளான் வெளிய வரும், அது கூம்பா மாதிரியே இருக்கும், பையன் பயந்துடுவான். அந்த காளான் வலது பக்கம் ஓடி பைப்புல முட்டி திரும்பி அவன பாத்தே வரும், அவன் குதிச்சு தப்பிக்க பாப்பான், ஆனா தலைக்கு மேல கட்ட இருக்கறதால இடிச்சிகிட்டு பெரும்பாலும் காளான் மேலயே வந்து விழுவான். விழுந்தா சாகல, பெருசா ஆயிடறான்! இத அப்படித்தான் யோசிச்சு வச்சோம்னு மியாமோட்டோவே பேட்டில சொல்லியிருக்கார். ஒரு எழுத்து கூட படிக்க தெரியாத கொழந்தைக்கு எது கெட்டது எது நல்லதுன்னு அஞ்சு பத்து செகண்ட்ல காட்டிடுது அக்கா, பையன் மொகத்த அந்த நேரம் பாருங்க.

எனக்கும் அப்படித்தான், மே மாச லீவுல எங்க பெரியம்மா வீட்டுல, பெங்களூரா மாங்காய உப்பு மொளகாத்தூள்ல தொட்டு தின்ன கையோட கன்ட்ரோலர புடிச்சு பட்டன் எல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும், ஏழெட்டு தடவ செத்த பிறகு மொத கூம்பாவ மிதிச்சப்ப நான் போட்ட சத்தத்துல பெரியம்மா அடுப்படில இருந்து களி துடுப்போட ஓடி வந்துட்டாங்க.

பென்னாகரம் வாசகர்: செகப்பு ஆம பள்ளத்து ஓரம் வந்தா திரும்பிடுது, இது மட்டும் ஏன் பொத்துன்னு விழுது?

அதுக்கு ஓரம் பாக்கற புத்திய வைக்கல. ஒரு பக்கமா நடக்கும், பைப்போ இன்னொரு கூம்பாவோ இடிச்சா திரும்பும், தரை முடிஞ்சா விழும், அவ்ளோதான். பச்ச ஆமையும் அப்படியேதான் விழும். 1-1லயே, அதாவது மொத ஒலகத்து மொத ஸ்டேஜ்லயே, மேல செங்கல் வரிசைல இருந்து ரெண்டு கூம்பா ஒண்ணு பின்னாடி ஒண்ணு கீழ எறங்கும் பாருங்க, அது இந்த குணத்த வச்சு பண்ணதுதான்.

ஓசூர் வாசகர்: ஒரு கூம்பாவுக்கு 100 பாயின்ட்தான? என் தங்கச்சி 400 வரும்னு அடிச்சு சொல்றா.

தங்கச்சி கரெக்ட்டா சொல்றாங்க. கால் தரைல படாம ஒண்ணு மேல இருந்து எகிறி அடுத்ததுல விழுந்தா 100, 200, 400, 500, 800னு ஏறிகிட்டே போகும். ஆம ஓட்ட ஒதச்சு வரிசையா வர்ற கூம்பாங்கள அடிச்சு தள்ளினா அதுலயும் ஏறி 8000 வரைக்கும் போய், அதுக்கு மேல ஒவ்வொண்ணுக்கும் ஒரு உயிரு.

கிருஷ்ணகிரி வாசகர்: புது மரியோலயும் இதே கூம்பாதானா சார், மாறவே இல்லயா?

நெறைய மாறியிருக்கு. 1988ல வந்த மூணாவது பாகத்துல ரெக்க மொளச்சு வந்துச்சு, நாலாவது ஒலகத்துல ஆள் ஒசரத்துக்கு வந்துச்சு, 5-3ல, அதாவது அஞ்சாவது ஒலகத்து மூணாவது ஸ்டேஜ்ல, ஒரு பச்ச பூட்ஸுக்குள்ள உக்காந்து தத்தி தத்தி வரும், கீழ இருந்து கட்டைய முட்டினா கூம்பா போயிடும், பூட்ஸு நமக்கு, அத போட்டுகிட்டு முள்ளு மேலயே நடக்கலாம். அந்த பூட்ஸ் அந்த ஒரு ஸ்டேஜ்ல மட்டும்தான், அந்த கேம்ல வேற எங்கயும் தரல, எனக்கு இன்னும் அந்த ஏக்கம் தீரல. 1990ல சூப்பர் மரியோ வேர்ல்ட்ல உருண்டையா ஒண்ணு, மிதிச்சா சாகாம கவுந்துக்கும், தூக்கி வீசலாம்.

ஆனா நீங்க விளையாட வேண்டியது 2017ல வந்த சூப்பர் மரியோ ஒடிஸி சார். அதுல தொப்பிய கழட்டி கூம்பா தலைல போட்டா நீங்களே கூம்பா ஆயிடுவீங்க, இன்னொரு கூம்பா மேல குதிச்சா அதுவும் கூட சேந்துக்கும், அப்படியே ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிகிட்டு போலாம். மரியோ வழுக்கி விழற பனிக்கட்டில கூம்பாவுக்கு மட்டும் கால் வழுக்காது, அங்க போய் நடந்து பாருங்க.